ஷாமொனியிலிருந்து செர்மாட் வரை: பனிமலைப் பயணமும் நண்பர் குழுவும்

ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு இரு முறைகளில் நடைபெறுகிறது. கம்பிவட ஊர்திகள் உச்சிவரை ஏற்றிவிட, இரவெல்லாம் இயந்திரங்கள் ஓடிச் சமப்படுத்தி, ஓரங்களில் கம்பு நட்டு, காவலர்கள் வெடிவைத்துப் பனிச்சரிவு அபாயத்தை முன்கூட்டியே குறைத்துவைத்த தடங்களில் இறங்கி வருவது ஒரு முறை. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அறிந்தது இதைத்தான். தடமோ காவலரோ கம்பிவடமோ இல்லாத மலைப்பகுதிக்குள் தம் கால்வலிமையால் ஏறி, தாமே தெரிந்தெடுத்த சரிவில் இறங்கி, இரவுகளை மலைக்குடில்களில் கழித்து, பல நாட்கள் தொடர்ந்து செல்வது மற்றொரு முறை. ஸ்கீ டூரிங் எனப்படும் இந்த இரண்டாம் முறையைத் தனியாக மேற்கொள்வோர் குறைவு. நான்கைந்து பேர் கொண்ட நண்பர் குழுவாகச் செல்வதே வழக்கம். துணையின் மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, பனியில் புதைந்த ஒருவரை உயிருடன் வெளியே எடுக்கக்கூடியவர் பெரும்பாலும் அவருடன் வந்த நண்பர் மட்டுமே என்னும் கடுமையான உண்மையும் இவ்வழக்கத்திற்குக் காரணமாகும். அதே நண்பர் குழு, தன் இணக்கத்தாலேயே தன் உறுப்பினரைச் செல்லத் தகாத சரிவுக்கு இட்டுச் செல்வதும் உண்டு. இந்த இரட்டைத் தன்மையை விளங்கிக்கொள்ள, ஓட் ரூட் என்னும் புகழ்பெற்ற வழியைக் காட்டிலும் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பிரான்சின் ஷாமொனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் முடியும் இவ்வழி, மோன் பிளாங்க் சிகரத்தின் அடிவாரத்தை மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்துடன் இணைக்கிறது. 1857-இல் லண்டனில் நிறுவப்பட்ட ஆல்பைன் கிளப்பின் உறுப்பினர்கள் 1860-களின் தொடக்கத்தில் கோடைக்கால நடைவழியாக இதை வகுத்தனர். உயர்ந்த வழி என்னும் பொருள்படும் பெயரும் அவர்கள் இட்டதே, பின்னர் அது பிரெஞ்சு வடிவில் நிலைத்துவிட்டது. 1903 ஜனவரியில் ஷாமொனியைச் சேர்ந்த மருத்துவர் மிஷெல் பாயோவும் உள்ளூர் வழிகாட்டிகளும் ஸ்கீ கொண்டு இதைக் கடக்க முயன்றனர். 1911-இல் ரோஜே, மார்செல் குர்ஸ் ஆகியோர் இடம்பெற்ற குழு பூர்-சன்-பியேர் என்னும் ஊரிலிருந்து உயரமான கணவாய்கள் வழியே செர்மாட்டை அடைந்தது. இலகுவான கருவிகளும் துல்லியமான வானிலை அறிவிப்பும் இல்லாத அக்காலத்தில், நீண்ட மரப்பலகைகளைக் காலில் கட்டி அவர்கள் நிகழ்த்திய அச்செயல் உண்மையிலேயே வியப்புக்குரியது.

இன்று இவ்வழி மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரையான காலத்தில், ஆறு அல்லது ஏழு நாட்களில் கடக்கப்படுகிறது. ஆர்ஜென்டியர் பனியாற்றிலிருந்து 3323 மீட்டர் உயரமுள்ள ஷார்டொனே கணவாயைக் கடந்து டிரியான் குடிலுக்கும், பின்னர் வெர்பியே ஊரின் மேலுள்ள மோன் ஃபோர் குடிலுக்கும், அங்கிருந்து பிராஃப்லெரி, டிஸ், வின்யெட் ஆகிய குடில்களுக்கும் செல்வது பலர் பின்பற்றும் வரிசை. பனியாறு என்பது பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து இறுகிய பனிக்கட்டி தன் எடையாலேயே மெல்ல நகரும் பெருந்திரளாகும். அது வளைந்தும் இறங்கியும் நகரும் இடங்களில் வெடித்து ஆழமான பிளவுகள் உண்டாகின்றன, குளிர்காலப் புதுப்பனி அவற்றின் வாயை மெல்லிய பாலம்போல் மூடிவிடுகிறது. ஸ்கீ உடலின் எடையைப் பரப்பிவிடுவதால், வெறுங்காலணி மிதித்தால் உடையக்கூடிய பாலமும் ஸ்கீயைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே ஸ்கீயைக் கழற்றிவிட்டு நிற்கும் வேளைதான் பனியாற்றில் கூடுதல் கவனத்திற்குரியது. டிஸ் குடிலுக்குச் செல்லும் வழியில் கிராண்ட் டிக்ஸான்ஸ் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. 285 மீட்டர் உயரமுள்ள அந்த அணை, தன் எடையாலேயே நீரைத் தாங்கும் கான்கிரீட் அணைகளில் உலகிலேயே உயரமானது.

மேலேறுவதற்கு உதவும் பொருள் ஸ்கீயின் அடிப்பாகத்தில் ஒட்டப்படும் தோல்பட்டையாகும். முற்காலத்தில் கடல்நாய்த் தோலால் செய்யப்பட்டு, இன்று அங்கோரா ஆட்டின் மயிராலும் நைலானாலும் நெய்யப்படும் இப்பட்டையின் மயிர்கள் ஒரே திசையில் படிந்திருப்பதால், ஸ்கீ முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது, பின்னோக்கி வழுக்காமல் பற்றிக்கொள்கிறது. காலணியின் முன்பகுதியை மட்டும் இரு ஊசிமுனைகளால் பற்றி, குதிகாலை ஏறும்போது விடுவித்தும் இறங்கும்போது பூட்டியும் வைக்கும் பிணைப்பு முறையை ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கினார்; இன்று இப்பயணம் செல்வோரில் பெரும்பாலோர் பயன்படுத்துவது அதன் வழிவந்த வடிவங்களையே. உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்து, பசைப்பக்கம் உட்புறமாக மடித்து, உடற்சூட்டில் பசை உயிர்ப்புடன் இருக்குமாறு சட்டைக்குள் செருகிக்கொள்வர். பசையில் பனி ஒட்டிவிட்டால் அடுத்த ஏற்றத்தில் பட்டை கழன்று விழும். நாளின் மூன்றாவது கணவாய்க்கு ஏறும் வேளையில் அது முழுக் குழுவையும் காற்றில் நிறுத்திவைக்கும் இடராகிவிடும்.

குடில் என்னும் சொல் தோற்றுவிக்கும் எண்ணத்தைவிட இம்மலைக்குடில்கள் பெரியவை. 1863-இல் தொடங்கப்பட்ட சுவிஸ் ஆல்பைன் கிளப்பும் பிற அமைப்புகளும் தனியாரும் இவற்றை நடத்துகின்றனர். பொதுக் கூடத்தில் நீண்ட மேசைகளில் அறிமுகமற்ற குழுக்கள் அருகருகே அமர்ந்து சூப் குடிக்கின்றன. ஈரமான தோல்பட்டைகளும் காலுறைகளும் தொங்க, நிலப்படங்கள் விரிக்கப்பட்டு, மறுநாள் வழியைப் பற்றிய பேச்சு எழுகிறது. ஒவ்வொரு குழுவும் தான் எங்கிருந்து வந்தது, நாளை எங்குச் செல்லவிருக்கிறது என்பதைக் குடிலின் பதிவேட்டில் எழுதுவது மரபு. எவரேனும் வந்துசேராத நிலையில் மீட்புப்படை தேடலை எங்குத் தொடங்குவது என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கக்கூடும் என்பதால், களைப்பு எவ்வளவு இருப்பினும் தவிர்க்கக் கூடாத கடமை அது.

வின்யெட் குடிலிலிருந்து செர்மாட் வரையான கடைசி நாளே இப்பயணத்தின் மகுடம். ஏறத்தாழ 3160 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டின் விளிம்பில் நிற்கும் அக்குடிலிலிருந்து குழுக்கள் விடியலுக்கு முன்பே நெற்றிவிளக்குடன் புறப்படுகின்றன. வசந்தகாலப் பனி இரவில் உறைந்து கெட்டிப்பட்டு, காலை வெயிலில் மேற்பரப்பு சிறிது இளகி, நண்பகலுக்குப் பின் நீர் கோத்துத் தளர்ந்துவிடும் இயல்புடையது. கெட்டியாக இருக்கும்போது ஏறி, மேற்பரப்பு இளகும் குறுகிய வேளையில் இறங்கி, தளர்வதற்குள் சரிவுகளின் அடியிலிருந்து விலகிவிட வேண்டும் என்பதே அதிகாலைப் புறப்பாட்டின் காரணம். குடிலை விட்டுக் கிளம்பும் முன், ஒருவர் சற்றுத் தள்ளி நின்றுகொள்ள, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரைக் கடந்து செல்கின்றனர். ஒவ்வொருவர் மார்பிலும் கட்டப்பட்டுள்ள டிரான்ஸீவர் என்னும் சிறு கருவி சமிக்ஞை அனுப்புகிறதா என்பதை அவர் தம் கருவியில் பார்த்துத் தலையசைக்கிறார். பிறகு அவருடைய கருவியை வேறொருவர் சோதிக்கிறார். இருளும் குளிரும் விரைந்து கிளம்பத் தூண்டும் அந்நேரத்தில் ஒரு குழு இச்சோதனையை எவ்வளவு பொறுமையுடன் செய்கிறது என்பதிலிருந்தே அதன் தரத்தை அறியலாம்.

அன்று மூன்று கணவாய்களைக் கடக்க வேண்டும். முதலாவதான லெவெக் 3392 மீட்டர் உயரமுடையது. அகன்ற பனியாற்றின் வழியே சீராக ஏறி அதை அடையலாம். மேல் அரோலா பனியாற்றுக்கு இறங்கியபின் எதிர்ப்படும் மோன் ப்ரூலே கணவாய் 3213 மீட்டர் மட்டுமே ஆயினும், அதன் இறுதிப் பகுதி செங்குத்தாக இருப்பதால் ஸ்கீகளைக் கழற்றி முதுகுப்பையில் கட்டிக்கொண்டு காலணியால் படிவெட்டி ஏறுவோர் பலர். அதன் மறுபுறம் விரியும் பனியாறு இத்தாலிக்கு உரியது என்பதை உணர்த்த அங்கு எந்த அடையாளமும் கண்ணில் படுவதில்லை. ஒரே நாளில் எல்லையைக் கடந்து சென்று மீண்டும் சுவிட்சர்லாந்துக்குள் நுழையும் இடமாக 3500 மீட்டருக்கும் உயர்ந்த வால்பெல்லின் கணவாய் அமைகிறது. அக்கணவாயின் மீது காலூன்றும்போதுதான் மேட்டர்ஹார்ன் முழுமையாக எதிரே எழுகிறது. பல நாட்களாக நடந்தும் வழுக்கியும் வந்தவர்களுக்கு அக்காட்சி அளிக்கும் நிறைவை மிகையென்று சொல்வதற்கில்லை; ஆயினும் நாளின் கடினமான வழிதேடல் அதன் பின்னரே தொடங்குகிறது. ஸ்டாக்யி பனியாற்றின் பிளவுகளுக்கும் தொங்கும் பனிக்கட்டிச் சுவர்களுக்கும் இடையே தெளிந்த பார்வையுடன் வழிகண்டு, மேட்டர்ஹார்னின் வடமுகத்தின் அடியே சுமார் 1900 மீட்டர் உயரத்தை இழந்து செர்மாட்டுக்கு இறங்க வேண்டும். மூடுபனி சூழ்ந்திருப்பின் அவ்விறக்கம் அறவே தவிர்க்கத்தக்கது.

ஓட் ரூட்டில் நிகழும் ஆபத்தைப் புரிந்துகொள்ளப் பனியின் உள்ளமைப்பை அறிவது இன்றியமையாதது. மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளன்று; ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு காற்றும் தனித்தனி அடுக்கை விட்டுச் செல்கின்றன. மெல்லிய பனிப்போர்வையின் அடியில் நிலம் சற்று வெப்பமாகவும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும்போது, நீராவி மேலெழுந்து துகள்களைப் பெரிதாக்குகிறது. ஒன்றோடொன்று பிணையாத அத்துகள்களைக் கையில் எடுத்தால் சீனியைப்போல் விரலிடுக்கில் ஒழுகும். இந்த வலுவற்ற அடுக்கின்மீது காற்றால் இறுகிய கெட்டியான பலகை படிந்திருக்கும் நிலையில், ஒரு மனிதரின் எடையே அடியிலுள்ள அடுக்கை நொறுக்கப் போதுமானது. நொறுங்கல் பக்கவாட்டில் விரைந்து பரவ, முழுப் பலகையும் உடைந்து சரிகிறது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. இவ்வாறு உயிரிழப்போரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர், தாமோ தம் குழுவினரோ அசைத்துவிட்ட சரிவிலேயே சிக்கினர் என்பது மலைமக்கள் பலமுறை எடுத்துரைக்கும் செய்தி. மலை தானாக வந்து தாக்குவது அரிது என்பதால், எங்குக் காலை வைப்பது என்னும் முடிவே உயிரைக் காக்கிறது.

அடுக்குகளின் வலிமையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சரிவில் குழி தோண்டி, முப்பது சென்டிமீட்டர் நீள அகலமுள்ள தூண் ஒன்றைப் பனியிலிருந்து பிரித்து நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியின் தட்டை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறையும், பின்னர் முழங்கையிலிருந்து பத்து முறையும், இறுதியாகத் தோளிலிருந்து பத்து முறையும் தட்டுவர். மணிக்கட்டின் தட்டலிலேயே தூணின் மேற்பகுதி வெட்டி வைத்ததைப்போல் நழுவி விழுமாயின், அச்சரிவைப் பற்றிய விவாதம் அத்துடன் முடிந்துவிட வேண்டும். தூண் நழுவவில்லை என்பது மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. பத்து மீட்டர் தள்ளிப் பனியின் அமைப்பு வேறாக இருக்கலாம்.

புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பைப் பற்றி 1994-இல் நேச்சர் இதழில் வெளியான, சுவிட்சர்லாந்தின் விபத்துகளை ஆராய்ந்த கட்டுரை, முதல் 15 நிமிடங்களில் மீட்கப்பட்டோரில் சுமார் 92 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர் என்றும், 35 நிமிடங்களில் அது சுமார் 30 விழுக்காடாக வீழ்ந்தது என்றும் காட்டியது. அண்மைய ஆய்வுகளின்படி உயிர்பிழைக்கும் வாய்ப்பு உயர்ந்திருக்கும் அந்தத் தொடக்க வேளை 10 நிமிடங்களாகவே சுருங்கியுள்ளது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைந்தாலும் அந்த நிமிடங்களுக்குள் வந்து சேர்வது அரிது. ஆகவே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரான்ஸீவர், மடக்கி வைக்கக்கூடிய நீண்ட துழாவுகோல், உலோக மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைப் பழக்கத்தால் கைகள் தாமே இயக்க வேண்டும். சரிந்து நின்ற பனி கான்கிரீட்டைப்போல் இறுகிவிடுவதால், தேடுவதைவிடத் தோண்டுவதற்கே நேரம் மிகுதியாகச் செலவாகிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டதையும், அவர்களுள் தமிழகத்தவரும் இருந்ததையும், ஆறு நாட்களுக்குப்பின் ஹனுமந்தப்பா என்னும் வீரர் உயிருடன் மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்ததையும் தமிழ் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அது மிக அரிய விதிவிலக்கு. அதைக் கொண்டு புதைந்தவருக்குப் பொழுது இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது.

இவ்வளவு அறிவும் கருவியும் இருந்தும் தேர்ந்தவர்கள் ஏன் சிக்குகின்றனர் என்னும் வினாவை அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்காமன் எடுத்துக்கொண்டார். 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அவர் ஆராய்ந்தபோது, அறியாமையைக் காட்டிலும் மனத்தின் குறுக்குவழிகளே பெரிதும் வழிதவறச் செய்தன என்பது புலனாயிற்று. பலமுறை சென்ற சரிவு என்பதால் எழும் அசட்டையான நம்பிக்கை, ஒருமுறை எடுத்த முடிவை மாற்ற விரும்பாமை, குழுவில் மதிக்கப்பட வேண்டும் என்னும் ஆசை, அனுபவமிக்கவர் ஒருவர் இருக்கிறார் என்று சிந்தனையை அவரிடம் ஒப்படைத்துவிடுதல், பிறர் ஏற்கெனவே செல்வதைக் கண்டு துணிதல், இந்த நல்ல பனி இன்று மட்டுமே கிடைக்கும் என்னும் அவசரம் ஆகியன அவர் சுட்டியவை. பழகிய இடங்களில், உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியற்றவர்களுக்கு நிகரான ஆபத்தை ஏற்றனர் என்பது அவர் ஆய்வின் மிகக் கலக்கமூட்டும் பகுதி. இவற்றில் பல நண்பர்களுக்கிடையேதான் செழிக்கின்றன. அந்நியர் ஒருவர் ஆபத்தான சரிவைச் சுட்டினால் மறுப்பு எளிதாக வரும். பல ஆண்டுகள் கூடவே மலையேறிய தோழர், எல்லாரும் சேர்ந்து வாரக்கணக்கில் திட்டமிட்டு, விடுப்பெடுத்து, குடிலில் இடம்பதிந்து வந்த பயணத்தின் ஆறாம் நாளில் முன்னே ஏறிக்கொண்டிருக்கையில், பின்னே வருபவரின் நாவில் சொல் நின்றுவிடுகிறது. பிறரின் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்னும் நல்லெண்ணமே அங்கு மௌனமாகிறது.

2018 ஏப்ரல் இறுதியில் இவ்வழியில் நிகழ்ந்த பேரிடர் பனிச்சரிவால் நேர்ந்ததன்று, புயலால் நேர்ந்தது. டிஸ் குடிலிலிருந்து பீன் தரோலா சிகரப் பகுதி வழியாக வின்யெட் குடிலை நோக்கிச் சென்ற 14 பேர், பார்வை முற்றிலும் மறைந்த புயலில் வழிதவறி, குடிலிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில் இரவைத் திறந்தவெளியில் கழிக்க நேர்ந்தது. அவர்களுள் 7 பேர் உயிரிழந்தனர். 2024 மார்ச்சில் செர்மாட்டிலிருந்து அரோலா நோக்கிப் புறப்பட்ட ஆறு பேர் கொண்ட குழுவும் டெட் ப்ளான்ஷ் அருகே புயலில் சிக்கியது; ஐவர் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். இறந்தவர்களைக் குறைகூறுவது தகாது. உயர்மலையில் திரும்பிவிடக்கூடிய வேளை ஒன்று இருக்கிறது, அது கடக்கும்போது எந்த ஓசையும் எழுவதில்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் வலியுடன் காட்டுகின்றன.

அந்த வேளையைத் தவறவிடாமலிருக்க, முடிவெடுக்கும் சுமையை மலைச்சரிவிலிருந்து முந்திய மாலையின் மேசைக்கு மாற்றிவிடுவதே சிறந்த வழி. சுவிஸ் மலை வழிகாட்டியான வெர்னர் முன்ட்டர் வகுத்த விதி இதற்குப் பெரிதும் துணைநிற்கிறது: ஐந்து படிகள் கொண்ட ஐரோப்பிய அபாய அளவில் இரண்டாம் நிலை அறிவிக்கப்பட்டால் 40 பாகைக்கும், மூன்றாம் நிலையாயின் 35 பாகைக்கும், நான்காம் நிலையாயின் 30 பாகைக்கும் குறைந்த சரிவுகளுக்குள்ளேயே பயணத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். நேரத்தைக் கணக்கிடவும் அவர் பெயரால் வழங்கும் எளிய முறை உண்டு. ஏற்றத்தில், கிலோமீட்டரில் தொலைவையும் நூறு மீட்டர் அலகுகளில் உயரத்தையும் கூட்டி நான்கால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும்; 8 கிலோமீட்டர் தொலைவும் 1000 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு நாலரை மணி நேரம் ஆகும். கணக்கின்படி அடைய வேண்டிய கணவாயைக் குறித்த மணிக்குள் அடையாவிடில் திரும்புவது என்று முந்திய இரவே எழுதிவைத்த குழுவுக்கு, காற்றில் நின்று வாதிட வேண்டிய தேவை எழுவதில்லை. ஏறும்போது செங்குத்தான இடத்தில் பத்து மீட்டர் இடைவெளி விடுவதும், ஐயமுள்ள சரிவில் ஒருவர் இறங்கி ஒதுங்கியபின்பே அடுத்தவர் இறங்குவதும் இத்தகைய முன்னுறுதிகளே. இவையனைத்தினும் மதிப்புமிக்கது, குழுவில் எவர் ஒருவர் வேண்டாம் என்றாலும், அவர் புதியவராயினும், காரணத்தை விளக்க இயலாதவராயினும், அனைவரும் திரும்பிவிடுவது என்னும் ஒப்பந்தம். அவ்வாறு திரும்பியபின் அவரை எவரும் எள்ளாமலிருப்பது அவ்வொப்பந்தத்தின் மறுபாதி. அதைக் காப்பாற்றாத குழுவில் அடுத்த முறை எவரும் வாய்திறக்க மாட்டார்கள்.

பனியாறுகள் விரைந்து சுருங்கிவருவதும் இப்பயணத்தின் கணக்குகளை மாற்றுகிறது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கொள்ளளவில் சுமார் 10 விழுக்காட்டை இழந்தன. பழைய வழிகாட்டி நூல்களில் பனிமேடாகக் குறிக்கப்பட்ட இடங்கள் பாறைச்சரளைகளாகிவிட்டதால், குடில் காப்பாளரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிவது நூலறிவினும் நம்பத்தக்கது.

சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளியின் பனிச்சறுக்கு முகாம்களிலேயே ஸ்கீயில் காலூன்றக் கற்றுக்கொள்கின்றனர். அவர்களுள் தடம்விட்டு மலைக்குள் செல்ல விரும்புவோர், பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் நண்பர்களாகச் சேர்ந்து பயின்றபின்பே புறப்பட வேண்டும். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டு, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கும் அவ்வறிக்கையைக் குழுவில் ஒருவர் மட்டும் படித்து மற்றவர்க்குச் சொன்னால் போதாது. ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும்.